குடைக்காம்பில் ஒளிந்த வாள்

பனி பொழியும் இரவு. கிமோனோ உடுத்த இளம்பெண் ஒருத்தி குடை பிடித்துத் தனியே நடந்து வருகிறாள். எதிரே ஆள் இழுக்கும் வண்டி ஒன்று; அதில் நிழலுலகக் கும்பல் ஒன்றின் தலைவன்; உடன் அவனுடைய அடியாட்கள். குடையின் காம்பிலிருந்து மெல்லிய வாளொன்று உருவப்படுகிறது. சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. பனியின் மேல் சிவப்பு மட்டும் எஞ்சுகிறது.

ஃபுஜிதா தோஷியா இயக்கி 1973ஆம் ஆண்டு வெளிவந்த 'லேடி ஸ்னோபிளட்' படத்தின் தொடக்கப் பகுதியில் வரும் காட்சி இது. ஜப்பானிய மொழியில் இதன் பெயர் 'ஷுரா யுகிஹிமே'. இப்படத்தை நேரில் பார்த்திராதவர்களுக்கும் இக்காட்சி எங்கோ கண்டது போலத் தோன்றும். 2003இல் குவென்டின் டாரன்டினோ எடுத்த 'கில் பில்' முதற்பாகத்தின் உச்சக்கட்டத்தைப் பார்த்தவர்கள் இதன் நிழலைத்தான் பார்த்தார்கள். அதன்பின் எத்தனையோ படங்கள், சுவரொட்டிகள், கணினி விளையாட்டுகள்! வாளேந்திய ஜப்பானியப் பெண் இன்று உலகச் சந்தையில் ஒரு வாடிக்கையான உருவம்.

இவ்வகைப் படங்களைப் பற்றி இரண்டு கருத்துகளை நாம் அடிக்கடி கேட்டு வருகிறோம். இவை பெண் விடுதலையைப் பேசும் படங்கள் என்பது ஒன்று. இவை அழகுபடுத்தப்பட்ட இரத்தக் களரி, வேறொன்றுமில்லை என்பது மற்றொன்று. நம் மாணவி ஒருவர், அந்தப் பெண் வாளை உருவும்போது தமக்கு இனந்தெரியாத ஒரு துணிச்சல் பிறக்கிறது என்று சொன்னார். அந்த உணர்வை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. அஞ்சி நடக்கவே பழக்கப்பட்டவர்களுக்கு, அஞ்சாமல் நடப்பவளைக் காண்பதே ஒரு விடுதலைதான். ஆயினும் அவருக்கு நாம் அன்று முழுமையாக விடை சொல்லவில்லை. அந்த விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

நம் கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இப்படங்களில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அந்த வாளை அவள் கையில் கொடுத்தது யார்? அவள் வெட்டி முடித்த பிறகு அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பது யார்? இவ்விரண்டையும் கேட்கிற படம் கலையாகிறது. மறந்துவிடுகிற படம் உடையலங்காரமாகி விடுகிறது.

முதலில் அந்த நிழலுலகத்தைப் பற்றிச் சிறிது. யாகுசா எனப்படும் ஜப்பானியக் குற்றக் குழுக்களின் அமைப்பு, ஒரு போலிக் குடும்ப அமைப்பு. தலைவன் 'ஒயாபுன்', அதாவது தந்தையின் இடத்தில் இருப்பவன். தொண்டன் 'கோபுன்', பிள்ளையின் இடத்தில் இருப்பவன். சாகே மதுக் கிண்ணத்தைப் பகிர்ந்து அருந்தும் சடங்கால் இந்த உறவு உறுதியாகிறது. தந்தையும் மகன்களும் தமையன்களும் தம்பிகளும் நிறைந்த இக்குடும்பத்தில் மகளுக்கு இடமில்லை. தலைவனின் மனைவிக்கு மரியாதை உண்டு, கிண்ணம் இல்லை. ஆக, நிழலுலகத்தை வாளோடு ஊடறுத்துச் செல்லும் பெண் பெரும்பாலும் திரைப்படம் படைத்துக்கொண்ட உருவமே. இல்லாத ஒருத்தியை ஏன் படைத்தார்கள் என்பதுதான் சுவையான வினா.

1968இல் தோயெய் நிறுவனம் 'சிவப்புப் பியோனிச் சூதாடி' என்று பொருள்படும் 'ஹிபோதான் பகுதோ' என்னும் படத்தை வெளியிட்டது. ஜுன்கோ ஃபுஜி நடித்தார். கதை எளியது. கியூஷு தீவில் ஒரு குழுத் தலைவன் கொலையுண்டு போகிறான். அவனுடைய மகள் ஒர்யு குழுவைக் கலைத்துவிட்டு, தோளில் பியோனி மலரைப் பச்சை குத்திக்கொண்டு, கொன்றவனைத் தேடிச் சூதாடியாக ஊர் ஊராக அலைகிறாள். 1972 வரை எட்டுப் படங்கள் இவ்வரிசையில் வந்தன. ஒர்யு கூலிக்குக் கொல்பவள் அல்லள். ஆனாலும் பின்னால் வந்த கொலைமங்கையர் அனைவருக்கும் அவளே மூத்தாள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒர்யு தன் பொருட்டு வாளெடுக்கவில்லை. மாண்ட தந்தையின் பொருட்டு எடுத்தாள். மகன் செய்ய வேண்டியதை மகன் இல்லாத வீட்டில் மகள் செய்கிறாள். அக்காலத்து யாகுசாப் படங்கள் 'கிரி' என்னும் கடமைக்கும் 'நிஞ்ஜோ' என்னும் மனித உணர்வுக்கும் இடையேயான போராட்டத்தையே திரும்பத் திரும்பக் காட்டின. ஒர்யுவின் வாழ்க்கையில் கிரி முழுவதும் தந்தையுடையது; அவளுக்கென எஞ்சுவது நிஞ்ஜோ மட்டுமே, அதையும் அவள் ஒவ்வொரு படத்தின் முடிவிலும் துறந்துவிட்டுப் போக வேண்டும். திரைக்கு வெளியிலும் இதன் சாயல் உண்டு. தோயெயில் யாகுசாப் படங்களைத் தயாரித்தவர்களுள் முதன்மையானவரான ஷுந்தோ கோஜி, ஜுன்கோ ஃபுஜியின் தந்தை. 1972இல் கபுகி நடிகர் ஒருவரை மணந்ததும் அவர் திரையிலிருந்து விலகினார். பல ஆண்டுகள் கழித்து, சுமிகோ ஃபுஜி என்ற பெயரில் மீண்டும் நடிக்க வந்தார். ஆக, உச்சப் புகழில் இருந்த வீராங்கனை திருமணத்தோடு வாளைக் கீழே வைத்தார்.

நிற்க. அடுத்த மாற்றத்துக்குப் பொருளாதாரமும் ஒரு காரணம். 1958இல் ஜப்பானியத் திரையரங்குகளில் ஓராண்டில் விற்ற நுழைவுச்சீட்டுகள் 112 கோடிக்கு மேல். தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்தபின், 1972இல் அந்த எண்ணிக்கை 20 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. வீட்டில் காண முடியாததைக் காட்டினால்தான் கூட்டம் வரும் என்ற நிலை. நிக்கட்சு நிறுவனம் 1971இன் இறுதியில் பாலுணர்வுப் படங்களின் பக்கம் திரும்பியது. அங்கே நடித்துக்கொண்டிருந்த மெய்கோ காஜி அதை ஏற்காமல் தோயெய்க்குச் சென்றார். அங்கு அவருக்குக் கிடைத்த வேடம், 1972இல் இதோ ஷுன்யா இயக்கிய 'பெண் கைதி 701: தேள்'.

இக்கதையின் நாயகி நமியைக் காவல்துறையில் பணியாற்றும் அவளுடைய காதலனே யாகுசாக் கும்பலுக்கு விரித்த வலையில் இரையாக வைக்கிறான். அவள் சிதைக்கப்பட்டது அவனுக்கு ஒரு வழக்கின் வெற்றி. அவனைக் குத்த முயன்று அவள் சிறைக்குச் செல்கிறாள். மூலப் படக்கதையில் இவள் கொச்சையாக வசைபாடுபவள். அந்த வசனங்களைப் பேச மறுத்து, ஏறக்குறைய ஊமையைப் போல நடிப்பதாகக் காஜி நிபந்தனை வைத்ததைப் பிற்காலப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பார்வையை ஒருமுறை கண்டவர் மறக்க முடியாது. ஆண்கள் எழுதி, ஆண்கள் இயக்கி, பெரும்பாலும் ஆண்களுக்காகவே விற்கப்பட்ட ஒரு படத்துக்குள் ஒரு நடிகை தன் மௌனத்தால் தனக்கென ஓரிடத்தை வெட்டி எடுத்துக்கொண்டாள். விடுதலை என்று ஒன்று இப்படங்களில் உண்டென்றால், நாம் அதை வாளில் தேட மாட்டோம்; அந்த மௌனத்தில் தேடுவோம்.

இனி 'லேடி ஸ்னோபிளட்'டுக்கு வருவோம். கோய்கே கசுவோ எழுதி, கமிமுரா கசுவோ வரைந்து, 1972-73இல் ஆண்களுக்கான வார இதழொன்றில் தொடராக வந்த படக்கதையே இதன் மூலம். கதை தொடங்கும் காலம் மெய்ஜி ஆட்சியின் முதற்பகுதி. 1873இல் ஜப்பானிய அரசு கட்டாயப் படைச் சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னோடியான அறிவிப்பில் இச்சேவையைக் குறிக்க 'இரத்த வரி' என்னும் சொல் ஆளப்பட்டிருந்தது. அரசு உண்மையாகவே உடலிலிருந்து இரத்தத்தை எடுக்கப் போகிறது என்று அஞ்சிய ஊர்களில் கலகங்கள் மூண்டன. 270 யென் கட்டியவர்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருந்தது. ஏழை உழவன் அந்தத் தொகைக்கு எங்கே போவான்?

இந்த வரலாற்று அச்சத்தின் மேல்தான் கதை நிற்கிறது. மக்களின் பீதியைப் பயன்படுத்திப் பணம் பறிக்கும் நால்வர், ஊருக்குப் புதிதாக வெள்ளை உடையில் வந்த பள்ளி ஆசிரியர் ஒருவரை, ஆள்பிடிக்க வந்த அரசாள் என்று பழி சுமத்திக் கொல்கிறார்கள். அவருடைய சிறுமகனும் கொல்லப்படுகிறான். மனைவி சயோவைச் சிதைக்கிறார்கள். சயோ ஒருவனைக் கொன்று ஆயுள் தண்டனை பெறுகிறாள். மற்ற மூவரையும் தன்னால் எட்ட முடியாது என்பதால் சிறைக்குள்ளேயே கருவுறுகிறாள், பழிதீர்க்க ஒரு பிள்ளை வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு. பனி பெய்யும் இரவில் யுகியைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். யுகி என்றால் பனி.

இங்கேதான் நம் முதற்கேள்விக்கு விடை இருக்கிறது. வாளை அவள் கையில் கொடுத்தவள் அவளைப் பெற்றவள். அதற்கும் முன்னே அதை வடித்தது ஓர் அரசின் சட்டமும் அதையொட்டி எழுந்த கொள்ளையும். யுகி விரும்பித் தேர்ந்தது எதுவுமில்லை. குழந்தைப் பருவம் முழுவதும் ஒரு துறவியிடம் கடும்பயிற்சி. நீ மனிதப் பிறவி அல்ல, ஷுரா என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்படுகிறாள். 'ஷுரா' என்ற சொல் நமக்கு அந்நியமானதன்று. வடமொழியின் 'அசுர' என்னும் சொல் பௌத்தத்தோடு சீனம் சென்று, அங்கிருந்து ஜப்பானை அடைந்து 'அஷுரா' ஆகி, பின் 'ஷுரா' என்று சுருங்கியது. அங்கே அது ஒரு குலத்தின் பெயராக மட்டும் நிற்கவில்லை. உயிர்கள் பிறந்து உழலும் ஆறு உலகங்களுள் ஒன்றாகி, ஓயாத போரில் உழல்வோர் வாழும் இடத்தைக் குறித்தது. நாரா நகரின் கொஃபுகுஜி ஆலயத்தில் 734ஆம் ஆண்டைச் சேர்ந்த அஷுரா சிற்பம் ஒன்று உண்டு. மூன்று முகம், ஆறு கை. ஆனால் அம்முகத்தில் நாம் எதிர்பார்க்கும் கொடூரம் இல்லை. புருவம் நெரிந்த, துயருற்ற ஓர் இளம்பிள்ளையின் முகம் அது. காஜியின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அந்தச் சிற்பமே நினைவில் எழுகிறது.

படத்தின் ஜப்பானியப் பெயரில் ஒரு சிலேடையும் இருக்கிறது. 'ஷிரா யுகிஹிமே' என்றால் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் வெண்பனி இளவரசியின் கதை. ஓர் எழுத்தை மாற்றினால் அசுரப்பனி இளவரசி. தாலாட்டுக் கதை கேட்க வேண்டிய குழந்தையை என்ன செய்துவிட்டார்கள் என்பதை அந்த ஓரெழுத்து சொல்லிவிடுகிறது.

யுகி தேடிச் செல்லும் முதல் ஆள் பன்சோ. இருபது ஆண்டுகளில் அவன் குடித்துச் சீரழிந்த கிழவனாகி, சூதில் தோற்றுக் கிடக்கிறான். அவனுக்குக் கோபுவே என்றொரு மகள். மூங்கில் பொருள்களை விற்பதாகத் தந்தையிடம் சொல்லிவிட்டு, தன்னையே விற்று அவனைக் காப்பாற்றுகிறாள். யுகிக்கு இது தெரியும். கடற்கரையில் அவன் காலில் விழுந்து கெஞ்சுகிறான். அவள் வெட்டுகிறாள். இந்த வெட்டில் வீரம் சிறிதும் இல்லை. இவ்வளவு அலைந்து தேடியது இந்த அற்பப் பிறவியையா என்ற வெறுமைதான் திரையில் நிறைகிறது. அடுத்தவளான ஒகோனோவை நெருங்கும்போது அவள் தூக்கில் தொங்குகிறாள். யுகி அந்தப் பிணத்தை வெட்டித் தீர்க்கிறாள். கடைசி ஆளான கிஷிரோ இறந்துவிட்டதாக முன்னரே கேள்வியுற்று, அவன் கல்லறையின் மேல் வாள் வீசியவள் அவள். கடன் தீர்க்க வந்தவளுக்கு வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் போகிறது. பழிவாங்கலின் அபத்தத்தை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

படத்தின் அழகியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். குருதி ஊற்றைப் போலப் பீறிடுகிறது. எவரும் அதை மெய்யென்று எண்ண முடியாது. படம் அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இடையிடையே படக்கதையின் ஓவியங்கள் வருகின்றன. இவையெல்லாம் வெறும் பகட்டு என்பாரோடு நாம் உடன்படவில்லை. கதைக்குள்ளேயே ர்யுரெய் என்றோர் எழுத்தாளன் வருகிறான். யுகியின் வாழ்க்கையைக் கேட்டறிந்து பத்திரிகையில் தொடராக எழுதுகிறான். மக்கள் விரும்பிப் படிக்கிறார்கள். தலைமறைவான ஒகோனோவை வெளியே இழுப்பது அந்தத் தொடர்தான். ஒரு பெண்ணின் துயரம் விறுவிறுப்பான தொடராகி விலைபோவதைப் படமே நமக்குக் காட்டுகிறது. அதைப் படிக்கும் கூட்டத்தில் நாமும் ஒருவர். பகட்டான அந்தப் பாணி நம்மைப் பார்த்து, இதை ஏன் விரும்புகிறாய் என்று கேட்கிறது.

முடிவில், மேலைநாட்டுப் பாணி முகமூடி நடன விருந்தொன்றில் கிஷிரோ உயிரோடு அகப்படுகிறான். இப்போது அவன் ஆயுத வணிகன். ர்யுரெய் அவனுடைய மகன் என்பதும் வெளிப்பட்டுவிட்டது. தந்தையைத் தப்பவிடாமல் ர்யுரெய் பற்றிக்கொள்ள, யுகியின் வாள் அவனையும் ஊடுருவியே கிஷிரோவை அடைகிறது. ஜப்பானியக் கொடியைப் பற்றிக்கொண்டு கிஷிரோ சரிகிறான். காயமுற்ற யுகி வெளியே பனியில் தள்ளாடி வரும்போது, ஒரு பெண் ஓடிவந்து அவளைக் கத்தியால் குத்துகிறாள். அவள் கோபுவே.

நம் இரண்டாம் கேள்விக்கு விடை இவள்தான். வெட்டி முடித்த பின் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் இன்னொரு மகள். யுகி பிறப்பால் பெற்றதைக் கோபுவே பார்த்துப் பெற்றாள்.

'கில் பில்' இதிலிருந்து எதை எடுத்துக்கொண்டது? பனித் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. அத்தியாயப் பிரிவை எடுத்துக்கொண்டது. காஜி பாடிய 'ஷுரா நோ ஹனா' என்ற பாடலை அப்படியே எடுத்துக்கொண்டது. டாரன்டினோவுக்கு நாம் அநீதி செய்ய விரும்பவில்லை. அவர் நேர்மையான ரசிகர். அவர் வழியாகத்தான் உலகின் பெரும்பகுதி காஜியைக் கண்டுகொண்டது. டோக்கியோ நிழலுலகின் தலைமைக்கு உயரும் ஓ-ரென் இஷியின் சிறுவயதுக் கதையை அவர் அசைபடமாகச் சொல்லும் பகுதியில் யுகியின் துயரம் சற்றே மின்னுகிறது. தாயைக் கொல்வதைப் பார்த்துவிட்ட சிறுமியிடம், வளர்ந்த பிறகும் உன் மனம் ஆறாவிட்டால் வா, காத்திருப்பேன் என்று நாயகி சொல்லும் இடமும் உண்டு. கோபுவேயை அவர் மறக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் அந்தச் சிறுமி திரும்பி வரவில்லை. அவளுடைய பார்வை, நாயகியின் பெருமிதத்துக்கு ஒரு குறிப்பாக நின்றுவிடுகிறது. 1973ஆம் ஆண்டுப் படத்தில் கத்தியோடு ஓடிவந்தவள், 2003ஆம் ஆண்டுப் படத்தில் தேதி குறிக்கப்படாத வாக்குறுதி ஆகிவிட்டாள். இரத்த வரியும் இல்லை, ஏழை ஊரும் இல்லை, ஆயுத வணிகனும் இல்லை. வரலாறு உதிர்ந்தபின் எஞ்சியது உடையும் வாளும் பனியும். பின்வந்த பலர் நகலெடுத்தது இந்த எச்சத்தைத்தான்.

எல்லாரும் அப்படி என்று சொல்வதற்கில்லை. 2021இல் சகமோதோ யுகோ இயக்கிய 'பேபி அசாசின்ஸ்' ஒரு நல்ல விலக்கு. உயர்நிலைப் பள்ளியை அப்போதுதான் முடித்த கொலைஞர் பெண்கள் இருவரை, ஒரே வீட்டில் குடியிருந்து பகுதி நேர வேலை தேடும்படி அவர்களுடைய மேலிடம் கட்டளையிடுகிறது. யாகுசாக்களைச் சுடுவது அவர்களுக்கு எளிது. வேலைக்கான நேர்காணலும் வீட்டுக் கணக்கும்தான் மலை. பனி இல்லை, கிமோனோ இல்லை. ஆனால் வாளைக் கொடுத்தது யார் என்ற கேள்வி இருக்கிறது. இளையோரை நிலையற்ற கூலிகளாகவே வைத்திருக்கும் இன்றைய உலகில், கொலையும் ஒரு பகுதி நேர வேலையாகிவிட்டது என்பதே அதன் நகைச்சுவைக்குள் இருக்கும் கசப்பு. கொல்லப்பட்ட யாகுசாத் தலைவனுக்கு ஒரு மகள் இருப்பதையும் அப்படம் மறக்கவில்லை.

இனி அந்த மாணவிக்கு நாம் சொல்ல வேண்டிய விடை. அவருக்குப் பிறந்த துணிச்சல் பொய்யன்று. அநீதிக்கு முன்னால் தலைகுனியாத ஒரு முகத்தைக் கண்டால் எவருக்கும் அது பிறக்கும், பிறக்கவும் வேண்டும். ஆனால் யுகியிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது அந்த முகம். அந்த வாள் அன்று. வாள் அவளுடையதே அன்று. அது அவளுக்கு முன்பிருந்தவர்களின் கடன். 1974இல் வந்த இரண்டாம் பாகத்தில் மரண தண்டனை பெற்ற யுகியை அரசின் இரகசியக் காவல்துறை மீட்டு, ஓர் அரசெதிர்ப்பாளரை வேவு பார்க்க அனுப்புகிறது. தாய் வைத்த வேலை முடிந்ததும் அரசு அந்தக் கருவியை எடுத்துக்கொண்டது! பிறருக்காகவே கூர்தீட்டப்பட்ட ஒருத்தியை விடுதலை பெற்றவள் என்று நாம் எப்படி அழைப்போம்?

முதற்படத்தின் கடைசிக் காட்சியில் பொழுது விடிகிறது. குத்துண்டு பனியில் கிடந்த யுகி மெல்லக் கண் திறக்கிறாள். அவள் பிழைத்தாள் என்று மகிழ்வோர் உண்டு. நாம் ஒவ்வொரு முறையும் கோபுவேயைத்தான் நினைத்துக்கொள்கிறோம். கத்தியை எறிந்துவிட்டு அவள் எங்கே போயிருப்பாள்? அவளுக்கு ஒரு பாடல் இல்லை; அவளைப் பற்றி எவரும் படம் எடுக்கவில்லை. அடுத்த முறை இப்படத்தைப் பார்க்கும் நண்பர்கள், குடை பிடித்தவளை ஒரு கணம் விட்டுவிட்டு, மூங்கில் விற்பதாகச் சொன்ன அந்தப் பெண்ணைக் கவனித்துப் பாருங்கள்.